சதீஷ் தவான்: தோல்வியைத் தோளில் சுமந்தவர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழுப் பேராசிரியர் சொன்னவுடன், நண்பர்கள் அரசியல் தலைவர்களையும் புலவர்களையும் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். நான் சதீஷ் தவான் என்று பெயர் கொடுத்தேன். யார் அவர் என்று பக்கத்தில் இருந்த தோழன் கேட்டான். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் பெயரே அவர் பெயர்தான் என்றேன். அவன் நம்பவில்லை. தொலைக்காட்சியில் இராக்கெட் கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லத்தான் செய்கிறார்கள். நெருப்பையும் புகையையும் பார்க்கும் ஆவலில் நாம் அதைக் காதில் வாங்குவதில்லை.

அவரை நான் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுத் தறியிலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்தருள்க.

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் தறியில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. மூன்று சேலைக்கு வேண்டிய நீளம் போக ஒரு முழம் கூடுதலாக வைத்துத்தான் பாவு வரும். இழை அறும், கறை படும், எங்கேயாவது சேதமான இடத்தை வெட்டித் தள்ள நேரும். அவற்றுக்கெல்லாம் ஈடு கொடுக்கத்தான் அந்த ஒரு முழம். நான் மேல்நிலைப் பள்ளியில் இறுதியாண்டு படித்தபோது, ஆவணி முகூர்த்தத்திற்கென்று ஒரு பாவு ஏற்றினார்கள். முதல் சேலையிலேயே ஒரு கரைப் பக்கம் இழைகள் வழக்கத்துக்கு மேல் அறுந்தன. முறுக்குப் போதவில்லை, இந்த நூல் சரியில்லை என்று அம்மா மூன்று நாள் சொன்னார். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் நாள் நெருங்கிவிட்டது. கூடுதல் முழம் இருக்கிறதே, சமாளித்துவிடலாம் என்று அறுந்ததை முடிந்து முடிந்து ஓட்டினார். மூன்றாவது சேலையின் முந்தானைக்கு வந்தபோது ஒரு சாண் நெய்தால் நாலு இடத்தில் அறுந்தது. வெட்டித் தள்ளித் தள்ளி நீளம் குறைந்துபோயிற்று. அந்தச் சேலையைச் சேதம் என்று எழுதிக் கூலியைப் பிடித்துக் கொண்டார்கள். அந்தக் கூலிதான் என் கல்லூரிச் சேர்க்கைக்கென்று அம்மா கணக்கு வைத்திருந்த பணம். வேறு வழியில் பணம் புரட்டி என்னைச் சேர்த்தார்கள் என்பது வேறு கதை.

கல்லூரிக்கு வந்த பிறகு நிகழ்தகவுப் பாடத்தில் எங்கள் பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். ஓர் இராக்கெட்டுக்கு நான்கு அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாக வேலை செய்யும் என்று கொண்டால், முழு இராக்கெட்டும் வெற்றி பெறும் வாய்ப்பு என்ன? நான்கையும் பெருக்கினால் நூற்றுக்கு 81 தான் வருகிறது. முழு இராக்கெட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வெல்ல வேண்டுமானால் ஒவ்வோர் அடுக்கும் நூற்றுக்கு 97க்கும் சற்று மேலே நிற்க வேண்டும். இது எஸ்.எல்.வி.-3 என்னும் நம் நாட்டு இராக்கெட்டின் கணக்கு என்றும், அது முதன்முதலில் கடலில் விழுந்தது என்றும் பேராசிரியர் சொன்னார். ஏன் விழுந்தது என்று நூலகத்தில் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மூன்றாவது சேலை எப்படிச் சேதமாயிற்றோ ஏறக்குறைய அப்படியே அதுவும் விழுந்திருந்தது. அன்று அந்த நிறுவனத்தின் தலைவராய் இருந்தவர்தான் சதீஷ் தவான்.

அவர் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் காஷ்மீரத்துச் ஸ்ரீநகரில் பிறந்தார். படித்தது லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில். அவர் பெற்ற பட்டங்களின் வரிசை விந்தையானது. முதலில் கணிதத்திலும் இயற்பியலிலும் இளங்கலை. அடுத்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அதற்கும் பிறகு 1945இல் இயந்திரவியலில் பொறியியல் பட்டம். ஒரு பாடம் எடுத்தால் அதிலேயே நின்றாக வேண்டும், மாறினால் வாழ்க்கை கெட்டது என்று நம்மை அச்சுறுத்தும் உறவினர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன். பின்னர் அமெரிக்கா சென்றார். 1947இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்தியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டில்தான் அவர் படித்த லாகூர் வேறொரு நாட்டு நகரமாயிற்று.

அங்கிருந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். ஹான்ஸ் லீப்மன் என்னும் அறிஞரின்கீழ் ஆய்வு செய்து 1951இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. காற்று ஒரு தகட்டின்மேல் ஓடும்போது தகட்டை உராய்ந்து இழுக்கிறது. அந்த இழுப்பு எவ்வளவு என்பதைச் சுற்றுவழியில் கணக்கிட்டு ஊகிப்பதே பெரும்பாலும் வழக்கம். தவான் தகட்டில் ஒரு சிறு துண்டை மட்டும் மற்றதிலிருந்து பிரித்து, அது மிதப்பதுபோல் அமைத்து, காற்று அதனை எவ்வளவு தள்ளுகிறது என்று நேரடியாகவே அளந்தார். அளவோ மிகச் சிறியது. தகட்டுக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு ஒரு மயிரிழை தவறினாலும் கணக்குப் பிசகிவிடும். ஊகத்தால் கிடைப்பதை அளவையால் பெற வேண்டும் என்ற பிடிவாதம் அந்த வயதிலேயே அவரிடம் இருந்தது. பின்னால் வரப்போவதற்கு இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1951இலேயே தாயகம் திரும்பிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1955இல் வானூர்திப் பொறியியல் துறைக்குத் தலைவரானார். ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களை மாணவர்களைக் கொண்டே அங்கு கட்டினார். கையில் இருந்த சிறு பணத்தில், கிடைத்த பொருளை வைத்து உருவாக்கிய கருவிகள் அவை. பின்னாளில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பெரிய காற்றுச் சுரங்கம் எழுந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. 1962 முதல் 1981 வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், கழகத்தின் இயக்குநர் அவரே. வானூர்தி ஆள் ஒருவர் தலைமை ஏற்றால் வானூர்தித் துறைக்கே எல்லாம் போகும் என்று நினைப்போம். அவர் காலத்தில் சூழலியல், கோட்பாட்டு இயற்பியல், கிராமப்புறத் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கெல்லாம் கழகத்தில் இடம் கிடைத்தது.

இடையில் இன்னொரு பணி. கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோ எச்.எஸ்.-748 என்னும் பயணிகள் விமானம் பாதுகாப்பானதுதானா என்ற ஐயம் எழுந்தபோது, அதனை ஆராயும் குழுவுக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பு தவானிடம் வந்தது. இரண்டு எஞ்சின் உள்ள விமானம் ஓடுபாதையை விட்டு எழும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றுபோனால், மிஞ்சிய ஒன்றே விமானத்தை மேலே ஏற்றியாக வேண்டும். ஏற்றும், ஆனால் எவ்வளவு சரிவில்? வெயில் கொளுத்தும் நாளில்? முழுப் பாரத்தோடு? ஏட்டில் எழுதிய எண்ணுக்கும் உண்மையில் கிடைக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு மிகுதியில்தான் பயணிகளின் உயிர் தொங்குகிறது. அந்த மிகுதியைப் பொறியியலில் பாதுகாப்பு வரம்பு என்பர். நெசவாளி வீட்டில் கூடுதல் முழம்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வின் தந்தையாகிய விக்ரம் சாராபாய் கோவளத்தில் திடீரென மறைந்தார். அப்போது தவான் விடுப்பில் கலிபோர்னியாவில் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி அவரைப் பொறுப்பேற்க அழைத்தார். தவான் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும். அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியையும் தாம் விடமாட்டார். பிரதமரிடம் நிபந்தனை விதிப்பவரும் உண்டோ என்று நமக்குத் தோன்றும். இரண்டும் ஏற்கப்பட்டன. அவர் வந்து சேரும்வரை எம்.ஜி.கே. மேனன் பொறுப்பை வகித்தார். 1972 முதல் 1984 வரை தவான் இஸ்ரோவின் தலைவர்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் சாதனைகளை ஆண்டுவாரியாக அடுக்குவது எளிது. பொது அறிவுப் புத்தகங்களில் கிடைக்கும். 1975 ஏப்ரல் 19இல் ஆரியபட்டா சோவியத் மண்ணிலிருந்து விண்ணேறியது. ஐந்தாம் நாளே மின்வழங்கியில் கோளாறு ஏற்பட்டு அதன் அறிவியல் சோதனைகள் நின்றன என்பதைப் பலர் எழுதுவதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக்காலம், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் வழியே ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. இவற்றைக் கடந்து எஸ்.எல்.வி.-3க்கு வருகிறேன்.

உயரம் 22 மீட்டர், எடை 17 டன், நான்கு அடுக்கிலும் திட எரிபொருள். இத்தனையும் சேர்ந்து சுமக்க வேண்டியது 40 கிலோ எடையுள்ள ரோகிணி என்ற சிறு துணைக்கோளை. திட்ட இயக்குநராக அமர்ந்தவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். 44 பெரிய துணை அமைப்புகள், 250 உறுப்புத் தொகுதிகள் கொண்டது அந்த இராக்கெட். இப்படிப்பட்ட ஒன்றை எப்படி நம்பத் தகுந்ததாக ஆக்குவது? இங்கே வாழ்க்கை வரலாற்றைச் சற்று நிறுத்திக் கணக்குப் பேச அனுமதி கேட்கிறேன். கணித மாணவன் வேறென்ன செய்வான்?

புதிதாய் ஒரு பொறியைச் செய்தால் அது முதலில் அடிக்கடி பழுதாகும். ஓட்டிப் பார்க்கிறோம், பழுதாகிறது, காரணம் தேடுகிறோம், திருத்துகிறோம், மறுபடி ஓட்டுகிறோம். இப்படிச் செய்யச் செய்ய நம்பகம் வளர்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டுவேன் என்ற பொறியாளர் 1964இல் ஜெனரேட்டர், ஜெட் எஞ்சின் போன்றவற்றின் சோதனைக் குறிப்புகளை எடுத்து மடக்கைத் தாளில் வரைந்து பார்த்தார். சோதனை நேரம் ஒரு பக்கம், ஒரு பழுதுக்கும் மறு பழுதுக்கும் இடைப்பட்ட சராசரி நேரம் ஒரு பக்கம். புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. மும்முரமாகத் திருத்துகிற இடத்தில் சோதனை நேரம் நான்கு மடங்கானால் இந்தச் சராசரி இரு மடங்காகும். திருத்தாமல் வெறுமனே ஓட்டிக் கொண்டிருந்தால் கோடு படுத்தே கிடக்கும். சோதனை தானாக ஒன்றையும் வளர்ப்பதில்லை.

கோடு இருக்கிறதே, தேவையான எண்ணை எட்டியவுடன் நிறுத்திவிடலாம் அல்லவா என்று நானும் நினைத்தேன். அது பெரும் பிழை. ஒரு பொறி சராசரியாக 100 மணி நேரம் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம் என்று கொள்வோம். அதை நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியுடன் மெய்ப்பிக்க விரும்பினால், ஒரு பழுதும் இல்லாமல் 230 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் உண்மையிலேயே சரியாக 100 மணி நேரத் தரத்தில் உள்ள பொறி அந்தத் தேர்வில் தேறும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துத்தான்! பத்தில் எட்டு முறையாவது தேற வேண்டுமானால் பொறியின் உண்மைத் தரம் ஏறக்குறைய 1,030 மணி நேரமாக இருக்க வேண்டும். கேட்டதைப் போல் பத்து மடங்கு. முதலில் இந்த விடையை நான் நம்பவில்லை. விடுதி நண்பனின் கணிப்பானை வாங்கி மீண்டும் போட்டேன். அதே விடை. ஒரு பழுதை மன்னித்து, தேர்வை 389 மணி நேரமாக நீட்டினால் 470 மணி நேரத் தரமே போதும். அதிகம் சோதிக்கிறவனுக்குக் குறைந்த மிகுதி போதும், குறைவாகச் சோதிக்கிறவன் மிகுதியை அள்ளி வைத்தாக வேண்டும் என்பதே இதன் உட்பொருள். இதன்மேல் இன்னொன்று. ஒரு பழுதைத் திருத்திவிட்டோம் என்பதால் அது அடியோடு தொலைந்ததாகப் பொருளில்லை. பத்தில் ஏழு பங்கு குறையும் என்றே திட்டமிடுவோர் கணக்கு வைப்பதுண்டு.

இராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடியது. நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி என்பதைத் தொண்ணூறு உறுதியோடு நிலைநாட்ட, ஒன்றும் விழாமல் 22 இராக்கெட்டுகளைப் பறக்கவிட வேண்டும். எஸ்.எல்.வி.-3 மொத்தம் பறந்ததே நான்கு முறை. ஏழை நாட்டுக்கு அதுவே பெருஞ்செலவு. ஆகவே தரையிலேயே சோதனைகளைச் செய்தாக வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் தரையில் கட்டி எரித்துப் பார்ப்பது, ஒவ்வொரு வால்வையும் குலுக்கியும் சூடேற்றியும் பார்ப்பது, தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு மேலே அழுத்திப் பார்ப்பது. அப்படியும் தெரியாமல் நின்றவற்றுக்குத்தான் மிகுதி.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10. காலை எட்டு மணிக்குச் சற்று முன். இறங்குமுக எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் அடுக்கின் திசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிகிறது என்பது தெரிய வந்தது. கணிப்பொறி நிறுத்தச் சொன்னது. வல்லுநர்கள் கூடிக் கணக்கிட்டார்கள். கசிந்தது போக மிஞ்சியிருப்பது போதும், மிகுதி இருக்கிறது என்றார்கள். கலாம் கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவு செய்தார். இதை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் ஒளிவு மறைவின்றிக் கூறியிருக்கிறார்.

முதல் அடுக்கு அழகாக எரிந்தது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. கிளம்பிய 317ஆம் விநாடியில் எல்லாம் முடிந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் விழுந்தது. ஆராய்ந்ததில் தெரிந்தது இதுதான்: அமிலத் தொட்டியின் மின்காந்த வால்வில் தூசு சிக்கி, அது மூடாமல் திறந்தே நின்றிருக்கிறது. வேண்டிய நேரத்தில் எரிபொருள் மட்டும் வந்தது, அதனோடு சேர வேண்டிய அமிலம் வரவில்லை. திருப்பும் விசை பிறக்கவேயில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். வல்லுநர்களின் கூட்டல் கழித்தலில் பிழை இருந்ததாக எங்கும் படிக்கவில்லை. கசிந்த அளவைக் கழித்தால் மிஞ்சியது போதும் என்பது கிலோக்கணக்கு. பழுதோ வால்வில் இருந்தது. அப்பா முழத்தை எண்ணினார். குறை முறுக்கில் இருந்தது. தெரியாத குறைகளுக்கென்று ஒதுக்கிய மிகுதியை, கண்ணெதிரே தெரிந்துவிட்ட ஒரு குறைக்குச் செலவு செய்தார்கள். அதுவும் அந்த மிகுதி அந்தக் குறையின் இனத்தைச் சேர்ந்ததே அல்ல. அப்பா மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அன்று பாதி குறைந்தது. அத்தனை படித்த பெரியவர்கள் சறுக்கிய இடத்தில், முகூர்த்த நாள் கழுத்தை நெரிக்கும்போது ஒரு நெசவாளி சறுக்கியது பெரிய குற்றமா?

கூலியைப் பிடித்தவர்களைப் போல் தவான் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் என் கட்டுரையின் உயிர். இரவெல்லாம் விழித்திருந்து களைத்துத் தோற்றுப்போய் நின்ற கலாமைப் பத்திரிகையாளர் கூட்டத்துக்குத் தம்மோடு அழைத்துச் சென்றார். பேசியவர் தவானே. தோல்வி தம்முடையது என்றார். தம் குழுவினர் மேல் தமக்கு நம்பிக்கை இருக்கிறது என்றும், அவர்களுக்கு இன்னும் தொழில்நுட்ப ஆதரவு வேண்டும் என்றும், அடுத்த ஆண்டு வெல்வோம் என்றும் கூறினார். கலாமின் பெயரை ஒருவர் வாயிலும் விழவிடவில்லை.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது எளிது. மேடைப் பேச்சாளர்கள் அவ்வாறே விடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு கணக்கும் தெரிகிறது. ஓட்டு, பழுதைக் கண்டுபிடி, திருத்து என்ற மூன்றில் நடுவிலுள்ளது அச்சத்தினால் செத்துப்போகும். பழுதைச் சொன்னவன் தலை உருளும் என்றால் எவன் சொல்வான்? தூசி எந்த வால்வில் இருந்தது என்பது ஒருநாளும் வெளியே வராது. டுவேனின் கோடு படுத்தே கிடக்கும். தகட்டின் உராய்வை ஊகிக்காமல் நேரே அளந்த மனிதருக்கு, உண்மை மறையாமல் வருவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்த விலையைத் தம் பெயரில் எழுதிக் கொண்டார்.

1980ஆம் ஆண்டு ஜூலை 18, காலை 8 மணி 3 நிமிடம். எஸ்.எல்.வி.-3 மீண்டும் எழுந்தது. இம்முறை ரோகிணி சுற்றுப்பாதையில் நின்றது. தம் சொந்த இராக்கெட்டால் துணைக்கோள் செலுத்தும் ஆற்றல் கொண்ட நாடுகளின் வரிசையில் இந்தியா ஏழாவதாகச் சேர்ந்தது. பத்திரிகையாளர் மீண்டும் கூடினர். தவான் கலாமை அழைத்து, இன்று நீங்களே போய்ப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டுத் தாம் பின்னால் நின்றுகொண்டார்.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வளர்ச்சிக் கோடு அப்படி ஏறுவதில்லை. 1981 மே 31இல் மூன்றாம் முறை ஏவியபோது துணைக்கோள் எதிர்பார்த்த உயரத்தை எட்டாமல் ஒன்பது நாளில் காற்றுமண்டலத்தில் வீழ்ந்தது. 1983 ஏப்ரல் 17இல் நான்காம் முறை வெற்றி. நடுவே 1982இல் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. அடுத்த ஆண்டு இன்சாட்-1பி அந்தக் குறையைத் தீர்த்தது. தவான் ஓய்வு பெற்ற பின்னும் 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏ.எஸ்.எல்.வி. அடுத்தடுத்து விழுந்தது. 1993இல் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பறப்பும் தோற்றது. ஒவ்வொரு முறையும் குழு அமைத்து, காரணம் கண்டு, திருத்தி, மீண்டும் ஏவினார்கள். தலைவர்கள் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

1984இல் பதவியை விட்டு இறங்கிய தவான் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினார். ஸ்ரீஹரிகோட்டா ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் பழவேற்காடு ஏரியும் சூழ்ந்த தீவு. ஏரிக்குப் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதைக் காற்றியல் கண்கொண்டு ஆராய்ந்து, தாமே படங்களும் வரைந்து ஒரு நூல் எழுதினார். இராக்கெட் தளத்தைக் கட்டியவர்கள் அந்தத் தீவின் காட்டையும் பறவைகளையும் கெடுத்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறையை அவரோடு பணியாற்றியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். மக்கள் அவரை அறியவில்லை என்ற குறை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1981இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2002 ஜனவரி 3ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அதாவது ஆசிரியர் தினத்தன்று, ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதிக் கொண்டிருந்த வாரம் எங்கள் வீட்டில் புதுப்பாவு ஏற்றினார்கள். 317 விநாடிக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டுக் கொண்டிருந்தார். வால்வில் தூசு என்று வந்ததும் கை நின்றது. அந்தத் தலைவர் உண்மையிலேயே தன் தப்பு என்றுதான் சொன்னாரா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, வந்திருக்கும் நூலில் பத்து இழை உருவிக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாய் இரு கையிலும் பிடித்து இழுத்து, எது எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். நான் ஒரு தாளில் எழுதிக் கொண்டேன். மூன்றாவது இழையும் எட்டாவது இழையும் சீக்கிரம் அறுந்தன. இன்னும் இருபது இழை எடு என்றார்.